ஒட்டும் இல்லை, குடலிறக்கமும் இல்லை: பெரியவர்களின் சிறுகுடல் அடைப்பில் அரிய காரணத்தைத் தேடும் முறை

வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, இரண்டு நாளாகக் காத்துப் பிரியாமல் வரும் ஒருவருக்குச் சிறுகுடல் அடைப்பு என்று சொல்லிவிடுவது எளிது. எதனால் அடைத்தது என்பதில்தான் புதிதாக டியூட்டி பார்ப்பவர்கள் தடுமாறுவார்கள். பெரும்பான்மையோருக்குப் பழைய ஆபரேஷனால் வந்த ஒட்டுகள், அதாவது குடலைப் பிடித்து இழுக்கும் தழும்புப் பட்டைகள்தான் காரணம். அடுத்து குடலிறக்கம், அதற்கடுத்து கட்டிகள். நம் ஊரில் குடல் காசநோயும் சேரும். மேலைநாட்டுப் புத்தகத்தில் அது அரிய நோய், நம் வார்டில் அப்படியில்லை.

இவை எதிலும் அடங்காத நோயாளியைப் பார்க்கப்போகும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் முதலாண்டு அறுவை சிகிச்சை பிஜிக்களுக்கும் இந்த வழிகாட்டி. அரிய காரணங்கள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்வதால் தேர்வில் மதிப்பெண் வரலாம், இரவு இரண்டு மணிக்கு உதவாது. அரிய நோயின் பெயர் தெரிந்தால் முடிவு மாற வேண்டும்: உடனே வயிற்றைத் திறப்பதா, தயார் செய்து திறப்பதா, கத்தியே வைக்காமல் விடுவதா. அதனால் கீழே காரணங்களை உறுப்பு வாரியாகப் பிரிக்காமல், இந்த முடிவுகளின்படியே பிரித்திருக்கிறோம்.

படி 1: காரணத்தைத் தேடும் முன்

காரணம் அரிதாக இருந்தாலும் முதல் ஒரு மணி நேரத்து வேலை மாறாது. இரண்டு கைகளிலும் 18 கேஜ் ஊசி, ரிங்கர் லாக்டேட், மூக்கு வழியாக இரைப்பைக்கு 16 அல்லது 18 அளவில் ரைல்ஸ் டியூப், சிறுநீர்க் குழாய். மெல்லிய ரைல்ஸ் டியூப் போட்டால் கெட்டியான குடல் நீரில் அடைத்துக்கொள்ளும். பையில் எதுவும் வரவில்லையே, வாந்தி நின்றுவிட்டது போலிருக்கிறது என்று ஏமாந்துபோவீர்கள். சிறுநீர் மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 0.5 மி.லி. வரும்வரை திரவம் போக வேண்டும். சிறுநீர் வரத் தொடங்கிய பிறகே பொட்டாசியம். குழந்தை பெறும் வயதுப் பெண் என்றால் சிடி ஸ்கேனுக்கு முன் கர்ப்பப் பரிசோதனை.

இரத்தத்தில் லாக்டேட் (திசுவுக்கு இரத்த ஓட்டம் குறைந்தால் ஏறுவது) உயர்ந்திருந்தால் பயப்படுங்கள், இயல்பாக இருந்தால் நிம்மதி அடையாதீர்கள். குடலின் ஒரு சிறு வளையம் மட்டும் நெரிபட்டால் இரத்தத்தில் லாக்டேட் ஏறவே பல மணி நேரம் ஆகலாம். விடாத வலி, காய்ச்சல், வேகமான நாடி, தொட்டால் இறுகும் வயிறு ஆகியவை இருந்தால் படத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், சீனியரை அழையுங்கள்.

படி 2: வாயும் கையும்

"ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை டாக்டர்" என்பார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும், லேப்ராஸ்கோப்பியில் செய்ததையும் பலர் ஆபரேஷன் கணக்கில் சேர்ப்பதில்லை. வயிற்றின் மேலுள்ள துணியை விலக்கித் தழும்பைத் தேடுங்கள், தொப்புளுக்குள்ளும் பாருங்கள். அறுபதைக் கடந்த ஆணுக்கு மேல்வயிற்றில் நடுக்கோட்டுத் தழும்பு இருந்தால் பெரும்பாலும் பழைய அல்சர் ஆபரேஷன்: வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்தது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் இது மிகச் சாதாரணமாகச் செய்யப்பட்டது. அந்தத் தழும்பு இரண்டு அரிய காரணங்களுக்கு வாசல். அவற்றுக்குக் கீழே வருவோம்.

அடுத்து மாத்திரைகள். பையில் இருப்பதை எல்லாம் கொட்டச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், இரத்த அழுத்தத்துக்கான எனாலப்ரில் அல்லது ராமிப்ரில், ஆண்டுக்கணக்கில் தின்னும் மூட்டுவலி மாத்திரை, இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு விதத்தில் குடலை அடைக்கும். பிறகு இந்தக் கேள்விகள்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கரண்ட் வைத்தார்களா? (கதிர்வீச்சு என்றால் பலருக்குப் புரியாது, "கரண்ட்" என்றால் புரியும்.) வயிற்றில் டயாலிசிஸ் செய்கிறார்களா? பித்தப்பையில் கல் என்று எப்போதாவது சொன்னார்களா? இரண்டு மாதத்தில் எடை மளமளவென்று குறைந்ததா? மாதவிலக்கு நாட்களில்தான் இந்த வலி வருகிறதா? பல் இருக்கிறதா, சரியாக மென்று தின்கிறாரா?

பரிசோதனையில் இரண்டு இடங்கள் தவறிப்போகும். ஒன்று கவட்டைக்குக் கீழே தொடை மடிப்பு: சேலையையோ வேட்டியையோ விலக்காமல் ஃபெமோரல் குடலிறக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அது நெல்லிக்காய் அளவில்தான் இருக்கும். இன்னொன்று உதடும் வாயின் உட்புறமும். அங்கே கருநீலப் புள்ளிகள் சிதறியிருந்தால் பூட்ஸ்-ஜெகர்ஸ் நோய். சிறுகுடலில் பாலிப்கள் (சதை மொட்டுகள்) இருக்கும், அவற்றில் ஒன்று தலையாகி குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். ஆசனவாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 3: சிடியை எப்படிக் கேட்பது, எப்படிப் படிப்பது

நின்ற நிலை எக்ஸ்ரேயில் நீர்மட்டங்களைப் பார்த்தவுடன் படத்தை உறையில் போட்டுவிடுவார்கள். கல்லீரல் நிழலின்மேல் கிளைவிட்ட காற்றுக் கோடு இருக்கிறதா, அடிவயிற்றில் சுண்ணாம்பு வளையம் போல ஏதாவது தெரிகிறதா என்று இன்னொரு நிமிடம் பாருங்கள். பித்தக்குழாயில் காற்று, சிறுகுடல் அடைப்பு, இடம் மாறிய கல் ஆகிய மூன்றையும் 1941இல் ரிக்லர் சேர்த்து விவரித்தார். அதில் இரண்டு இருந்தாலே பித்தக்கல் அடைப்பை நினைக்க வேண்டும். முன்பு இஆர்சிபி (எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தக்குழாயில் செய்யும் சிகிச்சை) செய்தவருக்கும் பித்தக்குழாயில் காற்று இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

சிடி எழுதும்போது இரண்டு வார்த்தைகளைச் சேர்த்து எழுதுங்கள்: நரம்பு வழி கான்ட்ராஸ்ட், தொடையின் மேல்பகுதி வரை. வாய் வழியாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, தேங்கிய நீரே குடலை விரித்துக் காட்டும். தொடைவரை எடுக்காவிட்டால் ஆப்சுரேட்டர் குடலிறக்கம் (இடுப்பெலும்பின் துவாரத்தில் நுழைவது) படத்துக்கு வெளியே போய்விடும்.

படத்தைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். முதலில் வலப்பக்கம் சீக்கத்தை, அதாவது பெருங்குடலின் தொடக்கத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து சுருங்கிய இலியத்தை (சிறுகுடலின் கடைசிப் பகுதி) பின்தொடர்ந்து மேலே வந்தால், 2.5 செ.மீ.க்கு மேல் விரிந்த குடலை ஓரிடத்தில் சந்திப்பீர்கள். அதுதான் மாறும் இடம். விரிந்த குடலுக்குள் மலம் போன்ற கலவை தெரிந்தால் மாறும் இடம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே உட்புறத்தில் ஏதாவது அடைத்திருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா, வெளியிலிருந்து ஏதாவது நெரிக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுப் பதில் எழுதுங்கள். எதுவும் தெரியாமல் குடல் சட்டென்று ஒடுங்கினால் ஒட்டு அல்லது பட்டை என்று கொள்ளலாம். பழைய ஆபரேஷனே இல்லாதவர்களிலும் ஒட்டுகள் நிறையப் பேருக்கு இருக்கும் என்பதால், தழும்பில்லாத வயிறு என்றாலே அரிய நோய் என்று ஓட வேண்டாம்.

மாறும் இடங்கள் இரண்டு, அதுவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அது இருபுறமும் மூடிய வளையம். குடல்தாங்கியின் இரத்தக்குழாய்கள் அந்த இடத்தை நோக்கி ஒன்றாகக் குவியும். சுவருக்குக் கான்ட்ராஸ்ட் ஏறவில்லை என்றால் அறிக்கைக்குக் காத்திருக்காமல் தியேட்டருக்குச் சொல்லுங்கள்.

படி 4: இன்றிரவே திறக்க வேண்டியவை

ஆப்சுரேட்டர் குடலிறக்கம் மெலிந்த, வயதான, பல பிள்ளைகள் பெற்ற பாட்டிகளின் நோய். வெளியே வீக்கம் தெரியாது. இடுப்பெலும்பின் துவாரத்துக்குள், தசைக்கு அடியில் குடல் மாட்டியிருக்கும். வலப்பக்கம் அதிகம், இடப்பக்கத் துவாரத்தைப் பெருங்குடல் மறைத்துக்கொள்வதால். "பாட்டி, தொடை உள்பக்கமா முட்டி வரைக்கும் வலி இழுக்குதா?" என்று கேளுங்கள். காலை நீட்டி, வெளியே விலக்கி, உட்புறமாகத் திருப்பினால் வலி கூடும், மடக்கினால் குறையும். ஹௌஷிப்-ராம்பெர்க் அறிகுறி என்பது இதுதான். இதே வலிக்காக மூட்டுத் தைலமும் ஊசியும் ஏற்கெனவே வாங்கியிருப்பார். பல சமயம் குடலின் சுற்றளவில் ஒரு பகுதி மட்டும் மாட்டுவதால் கொஞ்சம் மலமும் காற்றும் போய்க்கொண்டிருக்கும். அடைப்பு முழுமையில்லை என்று நாள் கடத்தினால் மாட்டிய பகுதி அழுகித் துளை விழும். சிடியில் பெக்டினியஸ் தசைக்கும் ஆப்சுரேட்டர் வெளித்தசைக்கும் நடுவே காற்றோ நீரோ கொண்ட சிறு உருண்டை தெரியும். அறுவையில் குடலை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல விடுவிக்க வேண்டும். வெளிவந்த வளையத்தின் சுற்றுச்சுவர் முழுவதையும் திருப்பிப் பார்க்காமல் உள்ளே விடக்கூடாது.

உட்குடலிறக்கங்களில் பிறவியிலேயே வருவது பெரும்பாலும் டியோடினத்தின் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) பக்கத்துக் குழியில். அதிலும் நான்கில் மூன்று இடப்பக்கம். மேல் இடவயிற்றில் சிறுகுடல் வளையங்கள் பை கட்டியது போல ஒன்றாகத் திரண்டு நிற்கும். சாப்பிட்டபின் வலி, வாந்தி எடுத்தால் சரியாகிவிடும் என்று ஆண்டுக்கணக்கில் கதை இருக்கும். இரைப்பைப் புண் மாத்திரைகளும் தின்றிருப்பார். இடப்பக்கப் பையின் முன்விளிம்பில் கீழ்க்குடல்தாங்கிச் சிரை ஓடுகிறது. பையின் வாயைப் பெரிதாக்கும் அவசரத்தில் அதை வெட்டிவிடாதீர்கள். உடல் பருமனுக்காக இரைப்பை பைபாஸ் செய்தவருக்கு வயிற்றுவலி வந்தால், சிடி சாதாரணம் என்று வந்தாலும் பீட்டர்சன் இடைவெளியில் (இணைத்த குடலுக்குப் பின்னால் உண்டாகும் சந்து) குடல் நுழைந்திருக்க வாய்ப்புண்டு. எடை குறையக் குறைய உள்கொழுப்பு கரைந்து அந்த இடைவெளி பெரிதாகும். லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்ப்பதே சரி.

அல்சர் தழும்புக்காரர் இரத்தமாக வாந்தி எடுத்து, மேல்வயிற்றில் கையில் படும் கட்டியோடு வந்தால், ஜெஜுனம் (டியோடினத்தை அடுத்த சிறுகுடல் பகுதி) இணைப்பு வழியாகப் பின்னோக்கி இரைப்பைக்குள் செருகியிருக்கலாம். அல்சர் இரத்தக்கசிவு என்று மட்டும் நினைத்து நேரம் போக்கினால் செருகிய குடல் செத்துவிடும்.

மெக்கல் பை (இலியத்தில் பிறவியிலேயே துருத்தியிருக்கும் சிறு பை) ஏறத்தாழ நூற்றில் இருவருக்கு இருக்கும், பெரும்பாலும் தொந்தரவு தராது. அதன் நுனியிலிருந்து தொப்புளுக்குப் போகும் பட்டை இருந்தால் குடல் அதைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும்.

படி 5: திறக்க வேண்டும், ஆனால் உடலைத் தேற்றிக்கொண்டு

பித்தக்கல் அடைப்பில் நோயாளி பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர், சர்க்கரையும் இதயநோயும் உள்ளவர். பித்தப்பை டியோடினத்தோடு ஒட்டி, சுவர் அரித்து, கல் குடலுக்குள் விழுகிறது. 2.5 செ.மீ.க்குக் குறைந்த கல் பொதுவாகத் தானாகவே வெளியேறிவிடும். பெரியது இலியத்தின் கடைசிப் பகுதியில் சிக்கும். கல் உருண்டு உருண்டு நகர்வதால் வலி ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. அதனால் இவர்கள் தாமதமாகவே வருகிறார்கள். அறுவையில் கல் சிக்கிய இடத்தின்மேல் நேரடியாகக் கீறாதீர்கள், அங்கே சுவர் நைந்திருக்கும். கல்லைக் கொஞ்சம் மேலே தள்ளி, நல்ல குடலில், குடல்தாங்கிக்கு எதிர்ப்புறம் நீளவாக்கில் கீறி எடுத்து, குறுக்குவாக்கில் தையுங்கள். நீளவாக்கிலேயே தைத்தால் அந்த இடம் ஒடுங்கும். எடுத்த கல்லில் தட்டையாகத் தேய்ந்த முகம் இருந்தால் இன்னொரு கல் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். டியோடினம் வரை கைவிட்டுத் தேடுங்கள். பித்தப்பையையும் அதே மேசையில் எடுத்துவிடலாம் என்ற ஆசை எழும். தளர்ந்த முதியவருக்கு அது வேண்டாம்.

நார்க்கட்டி, அதாவது செரிக்காத நாரும் தோலும் திரண்ட உருண்டை, அல்சர் ஆபரேஷன் செய்தவர், பல்லில்லாதவர், நெடுநாள் சர்க்கரைக்காரர் ஆகியோருக்கு வரும். இவர்களின் இரைப்பை அரைப்பதுமில்லை, ஆபரேஷன் செய்தவருக்கு இரைப்பையின் வெளித்திறப்பு பெரிதாக இருப்பதால் சலிப்பதுமில்லை. ஆரஞ்சுச் சுளையின் வெள்ளைத் தோல், நார்க் கீரைகள், பழக்கொட்டைகள் என எதுவும் இதில் சேரலாம். சிடியில் நுரை போலக் காற்றுப்புள்ளிகள் கொண்ட முட்டை வடிவ உருண்டை, ஓரம் தெளிவாக இருக்கும். சாதாரண மலக் கலவை நீளமாகப் பரவியிருக்கும், ஓரம் இருக்காது. அறுவையில் மெதுவாகப் பிசைந்து சீக்கம்வரை தள்ள முடிந்தால் குடலைத் திறக்கவே வேண்டாம். இரைப்பையில் இன்னொன்று இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் வயிற்றை மூடாதீர்கள். கோகோ கோலா ஊற்றிக் கரைக்கும் சிகிச்சை இரைப்பையில் உள்ள நார்க்கட்டிக்குத்தான். பாதி கரைந்த துண்டு கீழே இறங்கிச் சிறுகுடலை அடைத்த நிகழ்வுகளும் உண்டு.

பெரியவர்களின் குடல் செருகலில் குழந்தைகளுக்குச் செய்வது போல காற்றோ நீரோ ஏற்றி விடுவிக்க முயலக் கூடாது. பெரும்பாலும் அதன் தலையில் ஒரு கட்டி இருக்கும்: கொழுப்புக்கட்டி, பாலிப், மெலனோமா பரவியது, அல்லது குடல் புற்றே. வெட்டி எடுப்பதுதான் வழி. வேறு எதற்கோ எடுத்த சிடியில் 3 செ.மீ. நீளத்துக்குச் செருகல் தெரிந்து, அடைப்பு இல்லை, தலையில் கட்டியும் இல்லை என்றால் அது தானாக வந்து தானாகப் போவது, விட்டுவிடலாம்.

குடல் கூடு, அதாவது சிறுகுடல் முழுவதையும் வெள்ளைத் தோல் உறை போலச் சுற்றிய சவ்வு, வயிற்று டயாலிசிஸிலும் காசநோயிலும் வரும். காரணமே தெரியாமலும் வரும். சிடியில் குடல் வளையங்கள் நடுவயிற்றில் ஒரே பொட்டலமாக, சுற்றிலும் கோடு போட்டது போல இருக்கும். சத்து ஏற்றித் தயார் செய்ய நேரம் கிடைத்தால் விடாதீர்கள். சவ்வை வெட்டி உரிப்பதே வேலை. குடல் செத்திருந்தால் தவிர அதை வெட்டாதீர்கள், இணைப்பு கசிந்தால் நோயாளி பிழைப்பது கடினம். சவ்வின் ஒரு துண்டைக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள்.

படி 6: கத்தி வைக்கக் கூடாதவை

இந்தப் பகுதியைத்தான் மற்றவற்றைவிட முக்கியம் என்போம். இங்கே தவறு செய்தால், தேவையில்லாமல் திறந்த வயிறு அடுத்த ஒட்டுக்கு விதையாகும்.

வார்ஃபரின் தின்பவருக்கு ஐஎன்ஆர் (இரத்தம் உறையும் நேரத்தின் அளவு) எகிறினால் ஜெஜுனத்தின் சுவருக்குள்ளேயே இரத்தம் கட்டி வழியை மூடும். கான்ட்ராஸ்ட் இல்லாத சிடியில் தடித்த சுவர் வெண்மையாகத் தெரிவதே துப்பு. கான்ட்ராஸ்ட் போட்ட பின் எடுத்த படத்தில் அந்த வெண்மை கலந்துவிடும், ஆகவே இவருக்கு மட்டும் இரண்டையும் கேளுங்கள். மருந்தை நிறுத்தி, வைட்டமின் கே, பிளாஸ்மா கொடுத்து, ரைல்ஸ் டியூபோடு காத்திருந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் குடல் திறக்கும்.

எனாலப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகளால் சிலருக்கு உதடு வீங்குவது போலக் குடலும் வீங்கும். முகத்தில் எதுவும் இருக்காது. சிடியில் நீண்ட பகுதிக்குச் சுவர் தடித்து, சுற்றிலும் கொஞ்சம் நீர் இருக்கும். மாத்திரை தொடங்கிச் சில நாட்களிலும் வரும், சில ஆண்டுகள் கழித்தும் வரும். நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகும். அந்த வகையில் எந்த மாத்திரையையும் திரும்பக் கொடுக்கக் கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

எடை மளமளவென்று குறைந்தவருக்கு, முதுகெலும்பை நிமிர்த்தும் அறுவை செய்தவருக்கு, மகாதமனிக்கும் மேல்குடல்தாங்கித் தமனிக்கும் நடுவே டியோடினம் நசுங்கலாம். இரண்டு தமனிகளின் கோணம் 25 டிகிரிக்குக் குறைந்தும் இடைவெளி 8 மி.மீ.க்குக் குறைந்தும் இருக்கும். இடப்பக்கமாகவோ குப்புறவோ படுக்கவைத்து, நசுங்கிய இடத்தைத் தாண்டி மூக்குக்குழாய் வைத்து உணவு கொடுத்தால், கொழுப்பு சேரச் சேரக் கோணம் விரியும். அது பலிக்காவிட்டால்தான் டியோடினத்தை ஜெஜுனத்தோடு இணைக்கும் அறுவை.

காசநோய்ச் சுருக்கத்தில் அடைப்பு முழுமையில்லை என்றால் ஆறு மாத மருந்துக்கு வாய்ப்புக் கொடுக்கலாம். ஆறும்போது தழும்பாகி ஒடுக்கம் கூடவும் செய்யும் என்பதால் முதல் இரண்டு மாதம் அடிக்கடி வரச் சொல்லுங்கள். கிரோன் நோயோ (நாள்பட்ட குடல் அழற்சி) என்ற சந்தேகத்தில் திசுப் பரிசோதனை இல்லாமல் ஸ்டீராய்டு தொடங்காதீர்கள்.

காஸ்ட்ரோகிராஃபின், அதாவது எக்ஸ்ரேயில் தெரியும் கான்ட்ராஸ்ட் நீர் பற்றி ஒரு வார்த்தை. ஒட்டு அடைப்பில் இரைப்பையை நன்றாக உறிஞ்சி எடுத்தபின் 100 மி.லி. கொடுத்து, 24 மணி நேரத்தில் சீக்கத்துக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல் தப்பலாம். படி 4இல் உள்ளவர்களுக்கு இதைக் கொடுத்துக் காத்திருப்பது அபாயம்.

படி 7: மேசையில்

விரிந்த குடலை முதலில் கையில் எடுக்காதீர்கள். கனமானது, மெல்லியது, கிழியும். சீக்கத்தைத் தேடிப் பிடித்து, சுருங்கிய இலியத்தை விரலுக்கு விரல் மாற்றி மேலே வாருங்கள். காரணம் கிடைத்ததும் நிறுத்திவிடாமல் டியோடினம்-ஜெஜுனம் வளைவு வரை போய்ச் சேருங்கள். இரண்டாவது கல், இரண்டாவது சுருக்கம், இரண்டாவது பாலிப் என எல்லாம் இந்த மீதி நடையில்தான் தவறவிடப்படுகின்றன.

வலிமாத்திரையால் வரும் திரைகள் தனி வகை. குடலின் உள்ளே சில மி.மீ. தடிப்பில் வளையமாகத் தொங்கும், வெளியிலிருந்து பார்த்தாலும் தடவினாலும் தெரியாது. ஒரு கீறல் வழியாக ஃபோலி குழாயை விட்டு, பலூனில் 5 மி.லி. நீர் ஏற்றினால் ஏறத்தாழ 2 செ.மீ. அகலம் வரும். அதை மெதுவாக இழுத்து வந்தால் திரை இருக்கும் இடத்தில் நிற்கும். ஒவ்வோர் இடத்திலும் தையல் நூலால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். காசநோய்ச் சுருக்கங்களுக்கும் இதே வழி உதவும்.

வெட்டி எடுத்த எதையும் பயாப்சிக்கு அனுப்பாமல் விடாதீர்கள். இளம்பெண்ணின் இலியத்தில் வந்த கட்டி, புற்று போலவே தெரிந்து, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்படலம் வேறிடத்தில் வளர்வது) என்று அறிக்கை வரலாம்.

படி 8: தானாகத் திறந்தவர்களுக்கு

தழும்பு இல்லாத வயிற்றில் அடைப்பு ஏற்பட்டு, இரண்டு நாளில் "காத்து பிரிஞ்சிடுச்சு டாக்டர்" என்று சொல்பவரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவது எளிது. காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் சில வாரங்களுக்குள் சிடி எண்டரோகிராஃபி (சிறுகுடலை விரித்து எடுக்கும் சிடி), கொலோனோஸ்கோப்பி என்று தேதியோடு எழுதுங்கள். கேப்சூல் எண்டோஸ்கோப்பி கேட்பதாக இருந்தால், முன்னதாகக் கரையும் சோதனைக் கேப்சூல் கொடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தேடும் சுருக்கத்திலேயே கேமரா சிக்கி, அதை எடுக்கவே வயிற்றைத் திறக்க நேரும்.